ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறப்பதா, மூடுவதா: கிறிஸ்தவ வியாபாரியின் முன்னால் நான்கு வழிகள்

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நல்ல வியாபாரம். மூடினால் வாடகைக்கே இடிக்கும். திறந்தால் மனசு உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?"

மார்த்தாண்டம் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டது இது. பாளையங்கோட்டை ஜவுளிக்கடைக்காரரும், தூத்துக்குடியில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் சகோதரியும் கேட்டதும் இதேதான். பதினாறு வருடம் எலக்ட்ரிக்கல் சாமான் கடை நடத்தியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள்.

சபையில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். "மூடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது ஒன்று. "இது கிருபையின் காலம், நாள் பார்க்க வேண்டியதில்லை" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேதத்தில் வசனம் உண்டு. ஆனால் கடையில் நிற்கும் ஆறு பேரைப் பற்றி இரண்டு பதிலிலும் ஒரு வார்த்தை கிடையாது. என் குறை அங்கேதான். அதனால் வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் எதை வைத்து எடை போடுவது என்று தீர்த்துக்கொள்வோம்.

## எடைக்கற்கள்

யாருடைய ஓய்வு? பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றியது யாருக்குச் சொல்லப்பட்டது என்று யாத்திராகமம் 20-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. அதாவது, பிறரை வேலை வாங்கக்கூடிய ஒருவனைப் பார்த்து அது பேசுகிறது. உபாகமம் 5 இன்னும் ஒரு படி போய்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறது: வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை. முதலாளி கோயிலுக்குப் போனாரா என்பதோடு கேள்வி முடியவில்லை. பில் போடும் பெண்ணும் லோடுமேனும் டெலிவரிப் பையனும் அந்த வாரத்தில் ஒரு நாளாவது இளைப்பாறினார்களா? இதுதான் முதல் எடைக்கல். மற்றவை எல்லாம் இதற்குப் பின்புதான்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். முதல் ஒன்பது வருடம் என் கடைப் பலகையில் 'ஞாயிறு விடுமுறை' என்று பெரிதாக எழுதியிருந்தது. சபையில் அதற்காகப் பாராட்டும் கிடைத்தது. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு, இரண்டு பையன்களை வரச்சொல்லி ஸ்டாக் எடுக்க வைத்தேன். நான் ஆராதனையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர்கள் ஒயர் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தனிக் கூலியும் கொடுக்கவில்லை. பலகையில் இருந்தது பொய். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பணம். ஞாயிறு விற்பனை எவ்வளவு என்று பார்க்காதீர்கள். ஞாயிறு மூடினால் உண்மையில் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். இரண்டும் வேறு. கணக்கு எப்படி என்பதற்கு ஒரு மாதிரி: ஞாயிறு விற்பனை 35,000 ரூபாய், அதில் நிற்கும் லாபம் 15 சதவீதம் என்றால் 5,250. நான்கு ஞாயிற்றுக்கு 21,000. நீங்கள் மூடியிருந்தால் அந்த வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் சனியோ திங்களோ வருவார்கள். நூற்றுக்கு 40 பேர் வருவதாக வைத்தால் 8,400 திரும்பி வந்துவிடும், இழப்பு 12,600. ஞாயிற்றுக்கென்று வரும் இரண்டு தினக்கூலி ஆட்களுக்குத் தலைக்கு 600 வீதம் மாதம் 4,800, கரண்ட் ஒரு 1,000 மிச்சம். கடைசியில் நிற்பது 6,800 ரூபாய். ஆறு மாத பில்லை எடுத்துவைத்து உங்கள் கடைக்கு இதே கணக்கைப் போடுங்கள். 40 சதவீதம் என்ற அந்த ஒரு எண்தான் தொழிலுக்குத் தொழில் மாறும். ஃபேன் வாங்க வந்தவர் திங்கட்கிழமை வருவார். மாலை டீக்குப் பப்ஸ் வாங்க வந்தவர் வரமாட்டார்.

காத்திருக்க முடியுமா? ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடாதவன் யார் என்று இயேசு கேட்டார். மருந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாடு, நடுவழியில் நிற்கும் வண்டிக்குப் பஞ்சர் எல்லாம் அந்த மாடு. சோபா செட் அந்த மாடு அல்ல.

ஆராதனை. உங்களுக்கும், ஊழியர்களில் விரும்புகிறவர்களுக்கும், மனம் பதறாமல் சபையோடு உட்கார நேரம் இருக்கிறதா? போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதை நான் இதில் சேர்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. எடுத்த முடிவு அந்த ஒரு நாளைத் தாங்குமா? பொங்கலுக்கு முந்தின ஞாயிறும் டிசம்பர் மாத ஞாயிறுகளும் அப்படித்தான். முடிவுகள் உடைவது இந்த நாட்களில்தான்.

இதோடு சட்டம் ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. 2019-இல் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளை எல்லா நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தபோதும், ஆளுக்கொரு நாள் விடுப்பு என்ற நிபந்தனை போகவில்லை. ஆகவே கீழே உள்ள எந்த வழியை எடுத்தாலும் ஊழியருக்கு ஒரு நாள் என்பது நீங்கள் போடும் தருமம் ஆகாது, அவர்களுக்கு உரியது.

## முதல் வழி: ஞாயிறு முழுவதும் மூடுவது

ஓய்வு என்ற எடைக்கல்லில் இதுவே கனமானது. எல்லாருக்கும் ஒரே நாள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள் விழும் நாள். இந்து ஊழியருக்கும் அன்றுதான் குடும்பம் மொத்தமும் வீட்டில் இருக்கும். 'யாருக்கு எப்போது லீவு' என்ற வாராந்திரத் தகராறும் கிடையாது.

இந்த வழிக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவகத் தொடர். ட்ரூயட் கேத்தி 1946-இல் ஜார்ஜியாவின் ஹேப்வில்லில் சிறிய உணவகமாகத் தொடங்கியது முதல் ஞாயிறு மூடல்தான். அட்லாண்டா கால்பந்து மைதானத்தில் இருக்கும் அவர்கள் கடை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும்போதும் மூடியே இருக்கிறது. உதாரணம் உண்மையானது. ஆனால் அதிலிருந்து 'மூடினால் கர்த்தர் பெருக்குவார்' என்ற சூத்திரத்தை உருவாக்குவதை நான் ஏற்கவில்லை. ஞாயிறு மூடி, உண்மையாக நடந்து, அப்படியும் நொடித்துப்போன கடைகளை எனக்குத் தெரியும். அவர்கள் விசுவாசத்தில் குறை இருந்தது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மறைவான செலவுகள் மூன்று. வாடகை முப்பது நாளுக்கும் ஓடும். மாலில் கடை எடுத்திருந்தால் எல்லா நாளும் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். அழுகும் சரக்கு இருந்தால் சனி இரவு மிச்சம் குப்பைக்குப் போகும். மூன்றாவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை: பலகையில் விடுமுறை என்று எழுதிய நாளிலிருந்து ஊர் உங்களைக் கிறிஸ்தவக் கடை என்று வாசிக்கத் தொடங்கும். எடை, பில், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்ததை நினையுங்கள். அவர்களும் ஓய்வுநாளில் கடை திறக்காதவர்கள்தானே.

இன்னொன்று, வாட்ஸ்அப். கதவை மூடிவிட்டு ஞாயிறு முழுதும் ஆர்டருக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தால் மூடியது ஷட்டர் மட்டும்தான். நியூயார்க்கில் பி அண்ட் எச் என்ற யூதர்களின் கேமராக் கடை, சனிக்கிழமை ஓய்வுநாளில் இணையதளத்தில்கூட ஆர்டர் எடுப்பதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

யாருக்கு ஏற்றது: ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல், ஸ்டேஷனரி, மொத்த வியாபாரம், ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம். கட்டட வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை கூலி, ஞாயிறு லீவு. ஆகவே சிமெண்டும் பைப்பும் விற்பவருக்கு ஞாயிறு பெரும்பாலும் மந்தமான நாள். இப்படிப்பட்ட கடைக்காரர்கள் ஞாயிறு திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் பழக்கத்தால்தான்.

## இரண்டாம் வழி: ஆராதனை முடிந்து திறப்பது

அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இது. நடுநிலையாகத் தெரிகிறது. நான்கு வழிகளிலும் இதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆராதனை முடிந்து என்றால் யாருடைய ஆராதனை? கத்தோலிக்கருக்கு விடியற்காலைத் திருப்பலி முடிந்துவிடும். சி.எஸ்.ஐ. சபையில் பத்துப் பத்தரை ஆகும், திருவிருந்து இருந்தால் இன்னும் நேரமாகும். பெந்தெகொஸ்தே சபையில் மதியம் ஒரு மணியும் தாண்டும். முதலாளி எந்தச் சபையோ அந்தச் சபையின் மணிக்குத்தான் கடை திறக்கிறது. மற்றவர்கள் பாதி ஜெபத்தில் எழுந்து ஓடிவர வேண்டும். கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு ஞாயிறு பஸ் குறைவு. நான்கு மணி நேர வேலைக்காக அவள் போய்வரும் நேரமே இரண்டு மணி. அரை நாள் லீவு கொடுத்தேன் என்று நாம் நினைக்கிறோம். அவளுக்கு அந்த நாளே போயிற்று.

தவிர, அரை நாள் ஓய்வு சட்டத்தின் கணக்கில் விடுமுறை ஆகாது. வேறொரு முழு நாள் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இது பொருந்துவது ஒரே இடத்தில்: கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் சின்னக் கடை. பிறரை வேலை வாங்கவில்லை, மாலையில் மூன்று மணி நேரம் திறந்தால் அன்றைய பால் பாக்கெட்டும் காய்கறியும் வீணாகாது. அங்கே இது நல்ல வழி. ரோமர் 14-இல் பவுல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதிலே நிச்சயமாயிருக்கட்டும் என்று எழுதியது இப்படிப்பட்டவருக்குத் தெம்பு கொடுக்கும்.

## மூன்றாம் வழி: ஏழு நாளும் திறந்து, ஆள் மாற்றி விடுப்பு

மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க், லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு ஓட்டல். இவர்களுக்கு வேறு வழி இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிறு இரவு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பவர் கர்த்தருடைய நாளை மீறவில்லை.

நேர்மையான விலை என்ன? ஒரே நேரத்தில் ஆறு பேர் நிற்க வேண்டிய கடைக்கு வாரத்தில் 42 ஆள்வேலை. ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் ஏழு பேர் வேண்டும். அந்த ஏழாவது ஆளின் சம்பளம்தான் இந்த வழியின் உண்மையான செலவு. ஏழாவது ஆளை எடுக்காமல் ஏழு நாளும் திறந்திருந்தால், யாரோ ஒருவருடைய ஓய்வு அங்கே களவு போகிறது.

இந்த வழியோடு சேர்ந்து ஒரு ஆலோசனை எல்லா ஊரிலும் உலவுகிறது: "ஞாயிற்றுக்கு இந்துப் பையன்களை வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஆட்கள் கோயிலுக்குப் போகட்டும்." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யாத்திராகமத்துப் பட்டியலின் கடைசியில் 'உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்' என்று எழுதியிருப்பது இந்த ஆலோசனைக்கு நேர் எதிரானது. நம் பக்திக்கான விலையை நம் விசுவாசத்தில் இல்லாத ஒரு ஏழைப் பையன் கட்டுவதா? அவனுக்கும் அம்மா இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு வேலை கட்டாயம் என்றால் அதைச் சுழற்சியில் வையுங்கள். முதலாளி குடும்பத்திலும் ஒருவர் அந்தச் சுழற்சியில் இருக்கட்டும். கிறிஸ்தவ ஊழியருக்கு ஞாயிறு காலை கொடுத்தால், இஸ்லாமிய ஊழியருக்கு வெள்ளி ஜும்மா நேரத்தைச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் கொடுங்கள்.

மற்றொரு மறைவான செலவு முதலாளியினுடையது. கடை என்றுமே மூடாவிட்டால் மனது என்றுமே இறங்குவதில்லை. ஓட்டல் நடத்தும் ஒரு நண்பர் பதினோரு வருடத்தில் ஒரு ஞாயிறுகூடப் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டதில்லை என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் கேஸ் தீர்ந்தது, மாஸ்டர் வரவில்லை என்று போன். கல்லாவை நம்பிக் கொடுக்க ஒரு ஆளைத் தயார் செய்யாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

## நான்காம் வழி: ஓய்வை வேறு கிழமைக்கு மாற்றுவது

ஞாயிறு திறந்து, திங்களோ செவ்வாயோ முழுதாக மூடுவது. இது நம் தெருவுக்குப் புதிதல்ல. சலூன்காரர்கள் செவ்வாய் மூடுவதை எல்லாரும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஞாயிறு முழுதும் உழைக்கும் போதகர்களும் பலர் திங்களைத்தான் ஓய்வாக வைத்துக்கொள்கிறார்கள்.

தூத்துக்குடி சகோதரிக்கு நான் சொன்னது இதைத்தான். ஞானஸ்நானம், முதல் நற்கருணை, திடப்படுத்தல் எல்லாம் ஞாயிற்றில்தான். சபையே அவரை வேலைக்கு அழைக்கிறது. சமையல் காண்டிராக்டர், ஒலிபெருக்கிக்காரர், பூக்கடைக்காரர் நிலையும் அதுதான். ஆராதனை முடிந்து குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடப் போகிற நாம், அந்த பிரியாணியைக் கிளறியவர் ஆராதனைக்கு வரவில்லை என்று குறை பேசுவது நியாயமில்லை.

எல்லா ஊழியருக்கும் ஒரே நாள் லீவு என்பது இதன் பலம். பலவீனம்: அந்த நாளில் பிள்ளைகள் பள்ளியில், துணை வேலையில். தனியாகக் கிடைக்கும் ஓய்வு பாதி ஓய்வுதான். ஆராதனைக்கும் வழி தேட வேண்டும். கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை நிறைவேற்றும். மற்றச் சபையாருக்கு விடியற்கால ஆராதனை இருக்கிறதா என்பது ஊரைப் பொறுத்தது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனியை ஆசரிப்பவர்கள்; அவர்கள் இந்தக் கட்டுரையில் ஞாயிறு வரும் இடமெல்லாம் சனி என்று வைத்து வாசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| எடைக்கல் | ஞாயிறு முழுதும் மூடல் | ஆராதனைக்குப் பின் | ஏழு நாளும், ஆள் மாற்றி | வேறு கிழமை மூடல் |
|---|---|---|---|---|
| ஊழியர் ஓய்வு | முழு நாள், குடும்பத்தோடு | பெயரளவில் | ஏழாவது ஆள் இருந்தால் மட்டும் | முழு நாள், குடும்பம் இல்லாமல் |
| ஆராதனை | தடையில்லை | முதலாளிக்கு எளிது | சுழற்சியைப் பொறுத்தது | வேறு நேரம் தேட வேண்டும் |
| பண இழப்பு | தொழிலைப் பொறுத்து மிகுதி | குறைவு | கூடுதல் சம்பளம் | குறைவு |
| மறைவான செலவு | வாடகை, வீணாகும் சரக்கு, ஊரின் கண் | போக்குவரத்து, சட்டச் சிக்கல் | முதலாளியின் மனது | தனிமை |
| பொருந்தும் தொழில் | ஹார்டுவேர், மொத்தம், ஆபீஸ் | குடும்பமே நடத்தும் சின்னக் கடை | மருந்து, லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு ஓட்டல் | ஸ்டுடியோ, கேட்டரிங், பேக்கரி |

## ஜவுளிக்கடையும் பேக்கரியும்

மிகவும் சிக்கலானவர்கள் இவர்கள்தான். துணிக்குக் காத்திருக்கலாம், ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் கடைக்கு வருவது ஞாயிற்றில்தான். ஜவுளிக்கடையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், நாள் முழுதும் நின்றே வேலை. அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பாளையங்கோட்டைக்காரரிடம் நான் கேட்டது, உங்கள் கடையில் இப்போது வாரத்தில் எத்தனை நாள் அவர்களுக்கு ஓய்வு என்று. "மாதத்தில் இரண்டு நாள்" என்றார். அப்படியானால் ஞாயிறு பற்றிய கேள்வி அவருக்கு இரண்டாவது கேள்வி. முதலில் அந்த இரண்டை நான்காக்கச் சொன்னேன். ஞாயிறு மூட இப்போதைக்கு அவரால் முடியாது; ஏழாவது ஆளை எடுக்க முடியும்.

பேக்கரித் தம்பிக்குத் திங்கள் மூடுவதைச் சொன்னேன். ஞாயிறு விற்ற பிறகு சரக்கு குறைந்திருக்கும், திங்கள் மூடினால் வீணாவது கொஞ்சம்தான். ஞாயிறு காலை பத்தரை வரை அவர் மனைவி கல்லாவில், இவர் முதல் ஆராதனையில். அடுத்த வாரம் மாற்றி. இருவரும் ஒன்றாக உட்கார முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நியாயமானது, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

## சேர்ந்து மூடினால்

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. பெரும்பாலான கடைகள் மூடியிருப்பதால் யாருக்கும் தனி நட்டம் இல்லை. இங்கே மூடுகிறவர் தனியாகச் சுமக்கிறார். ஆனால் நம் பக்கத்திலேயே வேறொரு மாதிரி இருக்கிறது. குமரி, தூத்துக்குடிக் கடற்கரையில் கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஞாயிறுதான் ஊரெல்லாம் மீனும் கறியும் தேடும் நாள், அப்படியும் போவதில்லை. ஊர் முழுதும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் பக்கத்துப் படகுக்காரன் அள்ளிவிடுவானோ என்ற பயம் இல்லை.

உங்கள் தெருவில் அதே தொழிலில் நான்கு கடை இருந்தால் பேசிப் பாருங்கள். மதம் வேறாக இருக்கட்டும். அவர்களுக்கும் களைப்பு உண்டு. மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் எல்லாரும் மூடுவோம் என்று தொடங்கினால்கூடப் போதும்.

## தொடங்கும்போது

முடிவெடுப்பதற்கு முன் ஊழியர்களை உட்காரவைத்துக் கேளுங்கள், ஒவ்வொருவரிடமும் தனியாக, எந்த நாள் லீவு உங்களுக்கு உதவும் என்று. நான் கேட்டபோது ஒரு பையன் செவ்வாய் என்றான். அன்றுதான் அவன் அப்பாவுக்கு டயாலிசிஸ். மூன்று வருடம் என்னிடம் வேலை செய்தவன், அதுவரை எனக்கு அது தெரியாது.

வாராந்திர விடுமுறை நாளை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சோதித்துப் பார்க்க அதுவே சரியான காலம். பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். ஏப்ரல் கடைசியில் பில்லையும் ஊழியர்களையும் மறுபடி பாருங்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு என்ன செய்வோம் என்பதையும் ஜனவரியிலேயே எழுதி வைத்துவிடுங்கள். திறப்பதாக இருந்தால், அன்று வருகிறவர்களுக்கு இரட்டைக் கூலி எவ்வளவு, மாற்று லீவு எந்தத் தேதி என்பதும் அதே தாளில் இருக்கட்டும், கல்லாவுக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கும்படி.